எனக்காகப் பிடித்த ஒருசந்தி

புட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியைக் கவிழ்த்துத் தட்டும்போது புட்டிலிருந்து எழும் ஆவி இருக்கிறதே, அரிசிமாவும் தேங்காய்ப்பூவும் பனையோலையும் கலந்த அந்தச் சூட்டு மணம், அது மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்குப் பசிப்பதில்லை. களவெடுத்துப் பிடிபட்டவள்போல ஒரு கூச்சம்தான் வருகிறது. எழுவைதீவில் நான் சின்னப்பிள்ளையாக இருந்த காலத்தில், தவக்காலக் காலைகளில் எங்கள் குசினியில் அந்தப் புட்டு ஒரேயொரு கோப்பையில்தான் விழும். அந்தக் கோப்பை என்னுடையது. அவித்த அம்மா எனக்கு எதிரே பலகைக்கட்டையில் குந்தியிருந்து, நான் தின்று முடிக்கும்வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். மத்தியானம்வரை அவருக்குத் தண்ணீர் மட்டும்தான். மத்தியானம் ஒருநேரச் சோறு, பிறகு மறுநாள் மத்தியானம்வரை ஒன்றுமில்லை. இதைத்தான் எங்கள் ஆக்கள் "ஒருசந்தி பிடிக்கிறது" என்பார்கள்.

திருச்சபை ஒன்றும் இவ்வளவு கேட்கவில்லை. விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி, வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி விலக்கிய சுத்தபோசனம்; அதிலும் சிறுபிள்ளைகளுக்கும் நோயாளிகளுக்கும் அறுபது கடந்தவர்களுக்கும் ஒருசந்திக் கடமை இல்லை, உடம்பை முறித்து வேலை செய்கிறவர்களுக்கும் விலக்கு உண்டு என்று ஞானோபதேச வகுப்பில் படிப்பித்தார்கள். மீனைப் பற்றிச் சட்டம் வாயே திறக்கவில்லை. கிறிஸ்து பிறந்த நத்தாருக்கும் கலியாணத்துக்கும் மட்டும் இறைச்சியைக் கண்ணால் காண்கிற கடற்கரைச் சனத்திடம் போய், வெள்ளிக்கிழமை இறைச்சி தின்னாதே என்றால் அது என்ன ஒறுத்தல்? அதனால் எங்கள் ஒழுங்கையில் குடியிருந்த பெண்கள் தாங்களாகவே சட்டத்தை இறுக்கி, தவக்காலம் முழுக்க "மச்சம்" இல்லை என்று மீனையும் அதற்குள் சேர்த்துவிட்டார்கள். ஆண்கள் பிடித்த மீனெல்லாம் வள்ளத்தோடு ஊர்காவற்றுறைக்குப் போய்விடும். ஒழுங்கையில் பருப்பு மணமும் முருங்கையிலை மணமும்தான்.

எங்கள் வீட்டில் மட்டும் மீன் பொரியும். எனக்கு உடம்பு தேறவேண்டும் என்று அம்மா ஒரு விளைமீனைத் துண்டாக்கி மஞ்சளும் உப்பும் பிரட்டிச் சட்டியில் போட்டால், அந்த மணம் என்ன வேலிக்கு அடங்குமா? பக்கத்து வீட்டுப் பெட்டைகள் வேலிப் பொட்டுக்குள்ளால் எட்டிப் பார்த்து, "உங்கடை வீட்டிலை இன்னும் நத்தார் முடியேல்லையோ?" என்று கேட்பார்கள். எனக்கு மானம் போகும். அம்மா காதில் விழாததுபோல மீனைப் புரட்டிப் போடுவார்.

ஒருநாள் கோப்பையைத் தள்ளிவிட்டு, எனக்கும் ஒருசந்திதான், நான் சாப்பிடமாட்டேன் என்று எழும்பிவிட்டேன். அம்மா ஏசுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் முகம் சின்னதாய்ப் போய்விட்டது, குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார். கடலால் வந்து வலை உதறிக்கொண்டிருந்த அப்பா என்னைக் கிட்டக் கூப்பிட்டார். அதிகம் பேசாத மனிதர், அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் ஒரேயடியாய்ச் சொன்னார்.

"நீ அஞ்சு வயதிலை சாகக் கிடந்தனி. வாடைக்காத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு வள்ளமும் ஓடேல்லை. காய்ச்சலோடை வலிப்பும் வந்திட்டுது. பிள்ளையைத் தந்தால் என்ரை சீவன் இருக்குமட்டும் தபசுகாலம் முழுக்க ஒருசந்தி பிடிப்பன் எண்டு கொம்மா உன்னை மடியிலை வைச்சுக்கொண்டு நேர்ந்தவ. விடியக் காய்ச்சல் விட்டுது. பிறகு ஆர் அவவை மறிக்கிறது? நீ சாப்பிடாட்டி அவ கிடக்கிற பட்டினிக்கு என்ன மதிப்பு? போய்த் தின்."

போனேன், தின்றேன். புட்டு ஆறிப்போயிருந்தது. மற்றப் பிள்ளைகள் தவக்காலத்தில் இனிப்பை விட்டார்கள், விளையாட்டை விட்டார்கள். எனக்கு விதிக்கப்பட்ட தவம் சாப்பிடுவது. பசித்த ஒருத்தியின் கண்ணுக்கு முன்னால், அவள் கையால் அவித்ததை, அவள் பசியைக் காரணம் காட்டியே விழுங்குவது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருசந்தி இல்லை என்பதால் அன்றைக்கு மட்டும் அம்மாவும் காலையில் என்னோடு சாப்பிடுவார், கதையும் சிரிப்புமாக இருப்பார். வாரத்தில் அந்த ஒருநாள்தான் சாப்பாட்டின் ருசி எனக்குத் தெரியும்.

அடுத்த வருஷமோ அதற்கடுத்த வருஷமோ ஒரு பெரிய வெள்ளி. சிலுவையை உதடு பதித்து முத்திசெய்ய வரிசையில் நின்ற அம்மா, எனக்கு முன்னால் அப்படியே சரிந்து விழுந்தார். பெண்கள் முந்தானையால் விசிறினார்கள், ஆரோ சோடா கொண்டுவந்தார்கள். கண்ணை மூடியபடியே அம்மா வாயை இறுக்கிக்கொண்டார். அவர் சாகிறார், என்னால்தான் சாகிறார் என்றே நினைத்தேன். அழுதுகொண்டு பீடத்துக்குப் பின்னாலுள்ள அறைக்கு ஓடி, பெரிய நாட்களுக்குப் பூசை வைக்க வள்ளத்தில் வந்துபோகும் சுவாமியின் அங்கியைப் பிடித்து, "சுவாமி, அம்மாவின்ரை நேர்த்தியை மாத்திவிடுங்கோ" என்று கேட்டேன். சுவாமிமாருக்கு அந்த அதிகாரம் உண்டென்று வகுப்பில் காதில் விழுந்திருந்தது.

அவர் நல்ல மனிதர், அன்று பின்னேரமே வீட்டுக்கு வந்தார். "நீர் இவ்வளவு நாளும் பிடிச்சது காணும். இனி வெள்ளிக்கிழமையளிலை சிலுவைப்பாதை செய்யும், அதுவே உம்மடை நேர்த்தியாய் இருக்கட்டும். மாத்திவிட எனக்கு அதிகாரம் இருக்கு" என்றார்.

அம்மா சீலைத்தலைப்பால் தலையை மூடிக்கொண்டு மரியாதையாக நின்றார். "ஓம் சுவாமி. ஆனா நான் நேர்ந்தது சுவாமியோடை இல்லையே. கேட்ட பிள்ளை என்ரை கண்ணுக்கு முன்னாலை நிக்குது. வாங்கிறதை வாங்கிப்போட்டு எப்பிடிச் சுவாமி பேச்சை மாத்திறது?"

சுவாமி என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அடுத்த வருஷம் அம்மா ஒருசந்தியும் பிடித்தார், சுவாமி சொல்லைத் தட்டக்கூடாதென்று வெள்ளிக்கிழமைகளில் முழங்காலில் சிலுவைப்பாதையும் செய்தார். குறைக்கப் போய் நான் கூட்டிவிட்டு வந்திருந்தேன். அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே எனக்குப் பயம்.

இப்போது நாங்கள் ஊர்காவற்றுறையில், ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இருக்கிறோம். அப்பா காலமாகிவிட்டார். தீவில் எங்கள் ஒழுங்கையில் பாதி வீடுகளில் ஆளில்லை. மிச்ச வீடுகளில் தவக்காலத்திலும் மீன் பொரிகிறதாம், எட்டிப் பார்த்துக் கேட்கத்தான் பெட்டைகள் இல்லை. அம்மா அறுபதைத் தாண்டிக் கனகாலம், நீரிழிவென்கிற சீனி வருத்தமும் இருக்கிறது. போன தவக்காலத்தில், குளிசையை மட்டும் விழுங்கிவிட்டு, நான் வைத்துப்போன சாப்பாட்டைக் கோழிகளுக்குக் கொட்டிவிட்டுக் கிணற்றடியில் நினைவில்லாமல் கிடந்தார். டொக்டர் என்னைத்தான் ஏசினார். இன்னொருதரம் இப்படி நடந்தால் ஆளைக் காப்பாற்ற ஏலாது என்று முகத்துக்கு நேரே சொன்னார்.

அந்த விழுகைக்குப் பிறகு அம்மாவின் ஞாபகம் தளர்ந்துவிட்டது. கிழமை மறக்கிறார், அப்பா இல்லை என்பதையும் மறக்கிறார். நேர்த்தியை மட்டும் மறக்கவில்லை. நத்தார் கழிந்த நாளிலிருந்து விடிந்தால் ஒரே கேள்வி: "தபசுகாலம் துவங்கிட்டுதோ பிள்ளை?" இன்னும் இல்லை அம்மா என்று சொல்லிச் சொல்லி என் நாக்குக்கு அது பழகிவிட்டது. கோயில் கலண்டரைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்தேன். வீட்டுக்கு வருகிறவர்களிடம், தவக்காலப் பேச்சை எடுக்கவேண்டாம் என்று படலை வாசலிலேயே சொல்லிவைத்தேன். என் உயிரைக் கேட்டு அம்மா வைத்த கடனை நானே கட்டவிடாமல் மறித்துக்கொண்டு நிற்கிறேன் என்பது எனக்குத் தெரியாததல்ல. பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லவும் ஏலாமல் இருக்கிறது. சொன்னால், இனிமேல் செய்யமாட்டேன் என்று தீர்மானமும் செய்யவேண்டும். நான் நாளைக்கும் செய்வேன்.

இந்த வருஷம் விபூதிப் புதனன்று விடியற்பூசைக்குப் போனேன். சுவாமி நெற்றியில் இட்ட சாம்பலோடு வந்து, எங்கள் படலையடியில் நின்று, லேஞ்சியை எடுத்து அதைத் துடைத்தேன். கொஞ்சமும் தெரியக்கூடாதென்று திரும்பத் திரும்பத் துடைத்தேன். அம்மா கதிரையில் விழித்தபடி இருந்தார்.

"கோயில் மணி கேட்டுது. இண்டைக்கு என்ன கிழமை?"

"செவ்வாய், அம்மா."

எப்படித்தான் கணக்கு வைத்திருந்தாரோ தெரியாது, கொஞ்சநேரம் யோசித்தார், முகம் தெளிந்தது. "அப்ப நாளைக்குத்தானே விபூதி? இண்டைக்கு வடிவாய்ச் சாப்பிடவேணும் பிள்ளை. நாளையிலையிருந்து உனக்காக ஒருசந்தியெல்லே."

இன்னொரு பிடி கேட்டு வாங்கிச் சந்தோஷமாகச் சாப்பிட்டார்.

மறுநாள் விடியவும் கேட்டார். செவ்வாய் என்றேன்.