ஏரிக்கரை வீட்டிலிருந்து சொல்லாமல் கிளம்பியது

என் தோழியின் கணவர் இறந்தபோது என் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருந்தது. இத்தாலியில் ஏரிக்கரைப் பட்டணமொன்றில் செத்தவீடு நடக்க, நான் லண்டனில், தோர்ண்டன் ஹீத் வீட்டுக் குசினியில் இருந்து போனில் பார்த்து அழுதுகொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள் அவள். அதன் பிறகு நான் போன் பண்ணினால் பேசுவாள், தானாகப் பண்ணமாட்டாள். என்னை மன்னிக்கவில்லை என்றே நினைத்தேன். எட்டு மாதம் மனம் அரித்துக்கொண்டேயிருந்தது.

நான் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்பவள். விடுமுறை விட்டதும் டிக்கெட் போட்டேன். பெட்டியில் உடுப்புக் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் மிளகாய்த்தூள், கூழுக்குப் பனங்கிழங்கு ஒடியல் மா, கருவாடு. ஐந்து பைக்குள் சுற்றியும் விமானத்தில் பக்கத்து மனுசி மூக்கைச் சுளித்தாள். சுளிக்கட்டும், எனக்கென்ன!

தோழி படகுத்துறைக்கு வந்து நின்றாள். “என்னடி, லண்டன் சாப்பாடு நல்லாத்தான் பிடிச்சிருக்கு!” என்று என் இடுப்பில் கிள்ளினாள். கட்டிப்பிடித்து அழுவதற்கென்று வழி முழுக்க ஆயத்தப்படுத்தி வந்தவள் நான். சிரித்துத் தொலைத்தேன்.

பல நூறு வருசப் பழைய பட்டணம். கல் பதித்த ஒழுங்கைகள், ஏறி முடியாத படிகள், தண்ணீரைப் பார்த்தபடி ஒரு கோட்டை. அவள் அதையெல்லாம் தன் சீதனக் காணி போலக் கைநீட்டிக் காட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். ஒரு விடுதியில் அறைகள் துப்புரவாக்குவது அவள் வேலை. மரக்கறிக் கடைக்காரனோடு இத்தாலியனில் அவள் பிடித்த சண்டையைப் பார்க்கவேண்டும்! அவனும் சந்தோசமாகத் திருப்பிப் பிடித்தான். எனக்கோ பெருமை தாங்கவில்லை.

இரண்டு நாளும் கூழ் காய்ச்சினோம், ஊர்க்கதை எல்லாம் அளந்தோம். அவரைப் பற்றி மட்டும் ஒரு சொல் வரவில்லை. சுவரில் படமாக இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘ஏன் வரேல்லை எண்டு ஒருக்கால் ஏசித் தொலையேன்டி’ என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவள் ஏசாமல் இன்னும் ஒரு அகப்பை கூழ் ஊற்றினாள்.

மூன்றாம் நாள் காலை, பத்து மணிப் படகு. அவள் குளிக்கப் போயிருந்தாள். எனக்குப் பெரிய யோசனை பிடித்தது. செத்தவீட்டுக்குப் போனால் வெளிக்கிடும்போது ‘போயிட்டு வாறன்’ என்று சொல்லக்கூடாது. பேசாமல் இறங்கிவிட வேண்டும். எட்டு மாதம் பிந்தினாலும் நான் வந்தது துக்கம் விசாரிக்கத்தானே? வராமல் விட்ட பிழை ஒன்று போதும், முறை தவறி இன்னொரு கெடுதியையும் அவள் தலையில் போடுவானேன் என்று, படத்தைக் கும்பிட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

படகுக்கு வரிசையில் நிற்கிறேன். மேலே படிகளில் செருப்புச் சத்தம் படபடவென்று கேட்டது. ஈரத் தலையோடு, வீட்டுச் சட்டையோடு, தோளில் துவாயோடு ஓடி வந்தாள்.

“அடியே விசரி! கள்ளி மாதிரிச் சொல்லாமல் போறியே?”

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

“இல்லையடி... செத்தவீட்டுக்கு வந்தால் சொல்லக்கூடாதல்லோ...”

அவளுக்கு மூச்சு வாங்கியது. “அண்டைக்கும் நான் குளிச்சுக்கொண்டு நிக்கேக்கைதான் அவர் வேலைக்கு வெளிக்கிட்டவர். சொல்லாமல் போனவர்தான், திரும்பி வரேல்லை. இப்ப நீயும்...” முகத்தைத் துவாயால் பொத்திக்கொண்டாள். இரண்டு நாளாக வராத அழுகை அந்தப் படகுத்துறையில் வந்தது.

பெட்டியைப் போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டேன். “செத்தவீட்டுக்கு நான் வராததுக்குக் கோவமோடி?” என்று ஒருவழியாகக் கேட்டுவிட்டேன்.

“கோவமோ? உன்ர குரலைக் கேட்டால் அழுதிடுவன் எண்டுதான் நானா உனக்குப் போன் எடுக்கிறேல்லை. மூதேவி, இப்ப வாயைத் திறந்து சொல்லிப்போட்டுப் போ.”

படகுக்காரர் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கிவிட்டார். நான் ஏறி நின்று, “போயிட்டு வாறனடி!” என்றேன்.

“கேக்கேல்லை!” என்று கரையிலிருந்து கத்தினாள்.

“போயிட்டு வாறன்!”

“ஓம், வா!” என்றாள். “கெதியா வா!”