உயிர் மரத்துக்கு வைத்த பொட்டு

விஜயதசமி காலையில் பட்டறையைத் திறந்ததும் என் கண்ணில் பட்டது மரக்கட்டையிலிருந்த வெடிப்புதான். சாமி படத்துக்கு முன்னால், பொரிக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் நடுவே, அந்தக் கட்டை குங்குமப் பொட்டோடு உட்கார்ந்திருந்தது. வெடிப்பு பொட்டைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது.

"அட பாவி மணி," என்றேன். எங்கள் ஃபிட்டர் மணியின் வேலைதான் இது.

பர்மாவில், யாங்கோன் ஆற்றின் டலா கரையில் ஒரு படகுப் பட்டறையில் லேத் ஓட்டுகிறேன். பெயர் செல்வி. எதிர்க்கரை கியாக்டடாவிலிருந்து தினமும் ஆற்றைக் கடந்து வருகிறேன். லேத்தில் நிற்கும் பெண் இந்தக் கரையில் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். சொல்லிக்கொள்ள எனக்கென்ன வெட்கம்?

1. பெயர் வந்த வழி

அந்த மரம் லிக்னம் வைட்டே. பட்டறையில் லிக்னம் என்போம். தென் அமெரிக்காவின் வடகரைப் பக்கம் வளர்வது. தண்ணீரில் போட்டால் கல் போல் முழுகும். டூல் முனையை மழுக்கிவிடும். மரத்துக்குள்ளேயே பிசின் இருப்பதால் எண்ணெய் கேட்காது, ஆற்றுத் தண்ணீரே போதும். ஆகவே எஞ்சினிலிருந்து விசிறிக்குப் போகும் ஷாஃப்ட் படகைவிட்டு வெளியேறும் இடத்தில், பித்தளைக் குழாய்க்குள் இந்த மரத்தைப் பட்டை பட்டையாக அடுக்கி, ஷாஃப்ட்டைத் தாங்கும் புஷ் செய்வோம்.

முதலாளி ஊ வின் முன்பு கப்பல் எஞ்சினியர். அவர் எப்போதோ கொண்டுவந்த கட்டைகளில் ஒன்றுதான் மீதமிருந்தது. காய்ந்தால் வெடிக்கும் என்பதால் தண்ணீர் ட்ரம்மிலேயே கிடக்கும். அதன் பெயருக்கு லத்தீனில் உயிர் மரம் என்று அர்த்தம் என்பார். அதை மருந்தாகக் காய்ச்சிக் குடித்ததால் வந்த பெயராம். ஸ்பானியர்கள் அதையே புனித மரம் என்றார்களாம்.

இதைக் கேட்ட நாளிலிருந்து ஃபிட்டர் மணி அந்த ட்ரம்மைத் தாண்டும்போதெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொள்வான். இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், ஆனால் பக்தி வந்தால் கண் தெரியாது. ஆயுத பூஜைக்குக் கட்டையை வெளியே எடுத்திருக்கிறான். ஈரத்தில் பொட்டு ஒட்டாது என்று துடைத்து, பகல் முழுக்க வெயிலில் காயவைத்து, பிறகு சாமி முன்னால் வைத்திருக்கிறான். நான் அன்று சுண்டல் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு சீக்கிரமே கிளம்பியிருந்தேன்.

"உயிர் மரம்னு பேரு வச்சுட்டு, ட்ரம்முல அழுக்குத் தண்ணியில போட்டு வச்சா நல்லாவா இருக்கு, அக்கா?" என்றான் மணி. சொல்லும்போதே அழுதுவிட்டான்.

2. டோ கின் வந்தார்

அந்தக் கட்டை, டோ கின் என்ற அம்மாவின் படகுக்கானது. கணவர் போனபிறகு அந்த ஒரே படகை வைத்துத்தான் டெல்டா ஊர்களுக்கு ஆள் ஏற்றிப் பிழைக்கிறார். பழைய புஷ் தேய்ந்து படகு பட்டறைச் சரிவில் ஏறியிருந்தது. பௌர்ணமிக்கு ஆற்றில் தண்ணீர் ஏறும்போதுதான் இறக்க முடியும். அன்றுதான் தடின்ஜுட், விளக்குத் திருநாள். ஊருக்குப் போகிறவர்கள் கூட்டம்.

அவர் பேசியது பர்மியம். நம் பேச்சில் சொன்னால் இப்படி: "பௌர்ணமிக்கு என் படகு ஓடலேன்னா, துறையில என் இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க, மா செல்வி. அப்புறம் நான் எங்க போய் நிப்பேன்?"

ஊ வின் ரப்பர் புஷ் தேடிப் போன் மேல் போன் போட்டார். பௌர்ணமிக்குள் வராது என்றார்கள்.

நான் குங்குமத்தைக் கழுவிவிட்டுக் கட்டையின் நுனியிலிருந்து மெல்லிய வில்லைகளாக அறுத்துப் பார்த்தேன். வெடிப்பு எதுவரை போகிறதென்று தெரியாமல் உட்கார்ந்து அழுது என்ன பயன்? நடுவில் மரம் முழுசாக இருந்தது. ஆனால் முழு நீளப் பட்டைக்குப் போதாது.

"ஒவ்வொரு பட்டையையும் ரெண்டு துண்டா போடறேன்," என்றேன்.

"ஜாயிண்ட்ல உதறும்மா," என்றார் ஊ வின்.

"செங்கல் கட்டற மாதிரி ஜாயிண்ட்டை விலக்கி விலக்கி வைக்கறேன். உதறினா என் லேத்தை நானே ஆத்துல தள்ளிடறேன்."

என் வாய் எப்போதும் அப்படித்தான்.

பாரம் தாங்கும் அடிப்பக்கத்துப் பட்டைகளை, நார் நுனி தெரியும், சீக்கிரம் தேயாத வெட்டுமுகம் ஷாஃப்ட்டைப் பார்க்கும்படி நிறுத்தினேன். தண்ணீரில் ஊறினால் மரம் பருக்கும். அதற்கு இடம் விட்டுக் கடைந்தேன். அறுத்த துண்டுகளை ஈரச் சாக்கில் சுற்றி, தண்ணீர் தெளித்தபடியே நின்றான் மணி. சோற்றுக்குக்கூடப் போகவில்லை.

3. பௌர்ணமி

டோ கின் படகின் முனையில் நல்ல சகுனத்துக்கென்று தபியே இலைக்கொத்தைக் கட்டினார். மணி தூரத்தில் நின்று கற்பூரம் ஏற்றினான். படகு இறங்கியது. எஞ்சின் பிடித்ததும் நான் உள்ளே குனிந்து குழாயின் மேல் கை வைத்தேன். சூடு இல்லை. நடுக்கம் இல்லை. ஆற்றுத் தண்ணீர் போலக் குளிர்ந்திருந்தது. அந்தக் கையை எடுக்க எனக்கு மனமே வரவில்லை. இது நான் செய்தது என்று வாய்விட்டே சொன்னேன்.

அடுத்த ஆயுத பூஜையில் மணி குங்குமக் கிண்ணத்தோடு வந்து நின்றான். ட்ரம்மில் மீந்த துண்டுகள் கிடந்தன.

"பொட்டை எங்க வைக்கட்டும், அக்கா?"

"ட்ரம்முக்கு வைடா. சாமி தண்ணிக்குள்ளயே இருக்கட்டும்."

பட்டறைக்கு வரும் இளைய பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: எதைக் கும்பிடுகிறாயோ, அது எதனால் பிழைத்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு கும்பிடு.

டோ கின்னின் படகு இன்றும் அதே துறையில் நிற்கிறது. பட்டறையைத் தாண்டும்போது இரண்டு முறை ஹாரன் அடிக்கும். புது ஆட்கள் யாருக்கென்று கேட்பார்கள். லேத்தை நிறுத்தாமலே, எனக்குத்தான் என்பேன்.