குயரின் இடது முன்கால்

விதி இதுதான். அரசாங்க இருப்பில் உள்ள எந்தப் பொருளிலிருந்தும் எந்தப் பாகத்தையும் மேலிடத்தின் முன் அனுமதி இல்லாமல் அகற்றக் கூடாது. அலமாரிக்குக் கதவு, சைக்கிளுக்கு மணி, நாற்காலிக்குக் கை... எதுவானாலும்.

பூனைக்குக் கால்?

விதியில் பூனை இல்லை. ஆனால் எங்கள் இருப்புப் பதிவேட்டில் இருந்தது. ‘மேஜை – 6. ஏணி – 2. பூனை – 1.’ அப்புறம் என்ன?

போன வாரம் சேலையூரில் என் பக்கத்து வீட்டுக்காரர், சுவர் தாண்டி வந்திருக்கும் மாங்கிளையை வெட்ட யாருக்கு எழுதிப்போட வேண்டும் என்று கேட்டார். ரிட்டயரான பிறகும் என்னிடம் இதைத்தான் கேட்கிறார்கள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன் – அந்தப் பூனை ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் அது. தாம்பரத்தில் ஒரு ஃபாரக் கிடங்குக்கு நான் சூப்பரின்டெண்டென்ட். பிறந்தால் ஒரு ஃபாரம், செத்தால் ஒரு ஃபாரம், நடுவில் மாடு தொலைந்தால் ஒரு ஃபாரம்... அச்சடித்த அத்தனையும் எங்களிடம்தான் கட்டுக் கட்டாகக் கிடக்கும். அவற்றை மனப்பூர்வமாக விரும்பிய ஜீவன் உலகத்திலேயே எலி ஒன்றுதான். ஆகவே பூனை.

தாய்ப் பூனைக்கு ரீம் என்று பெயர் வைத்திருந்தார்கள். காகிதக் கணக்கில் ரீமுக்குள் அடங்குவது குயர் இல்லையா? குட்டிக்கு அந்தப் பெயர். தாய் போன பிறகு குயர்தான் எங்கள் ‘பூனை – 1’. பத்து மாதப் பெண் பூனை. உடம்பெல்லாம் வெள்ளை, ஒரு காதில் மட்டும் மை கொட்டின மாதிரி கறுப்பு.

இன்னொரு விதியும் உண்டு. பழைய இருப்பை முதலில் வெளியே அனுப்ப வேண்டும். பழைய இருப்பு எங்கே இருக்கும்? அடியில்.

“மேல கீறத எட்த்து குட்தா இன்னா சார்? எல்லாம் ஒரே ஃபாரம்தானே?” என்றார் அட்டெண்டர் முனுசாமி.

“ஒரே ஃபாரம் இல்லை. இது பழைய ஃபாரம்” என்றேன்.

அவர் அடிக்கட்டை உருவினார். மேலே இருந்த ஏழெட்டுக் கட்டுகள் பின்பக்கமாகச் சரிந்தன. பின்பக்கம் குயர் தூங்கிக்கொண்டிருந்தது.

கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கட்டுகளை அள்ளி எறிந்து பார்த்தால், மாட்டிக்கொண்ட முன்காலை இழுத்து இழுத்து, எப்படியோ தன்னையே விடுவித்துக்கொண்டு மூன்று காலில் நின்றது. நான்காவது கால் ஈரத் துணி மாதிரி தொங்கியது.

ஃபார அட்டைப்பெட்டியில் போட்டு, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். நான், முனுசாமி, டைப்பிஸ்ட் ஸ்டெல்லா. மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஆபீசை விட்டுப் போகக் கூடாது என்றும் ஒரு விதி உண்டு. போகட்டும்.

டாக்டர் நிதானமானவர். தோளிலிருந்து தொட்டுக்கொண்டே வந்து, விரலை இடுக்கியால் கிள்ளினார். குயர் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது.

“எலும்பு உடையலை. தோள்ல நரம்பு இழுத்திருக்கு. கால்ல உணர்ச்சியே இல்லை. திரும்பி வரலாம்... வராமலும் போகலாம். ஆனா இப்படித் தரையில இழுத்துக்கிட்டே நடந்தா புறங்கால் தேஞ்சு புண்ணாகும். புண்ணு புரையோடினா உயிருக்கே ஆபத்து. என்னைக் கேட்டா எடுத்துடறது நல்லது. சின்ன வயசு சார், மூணு கால்ல பத்து நாள்ல ஓடும். ஓனர் கையெழுத்துப் போடணும்.”

“ஓனர் கவர்ன்மென்ட்” என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அப்போ கவர்ன்மென்ட்கிட்ட கேட்டுட்டு வாங்க. சில வாரம் பொறுக்கலாம். ஆனா புண்ணுன்னு ஒண்ணு வந்தா மறுநாளே இங்க இருக்கணும். அப்போ கவர்ன்மென்டாவது ஒண்ணாவது!”

வெளியே வந்ததும் முனுசாமி பிடித்துக்கொண்டார்.

“மூணு கால்ல ஓடும், சரி. எலி புடிக்குமா சார்? எலி ஓட சொல்லோ, இது நொண்டிகினு பின்னால போயி, ‘கொஞ்சம் நில்லு நைனா’ன்னு கேக்குமா?”

சிரிக்கத் தோன்றவில்லை. வேலைக்கு உதவாத பொருளைப் பதிவேட்டிலிருந்து நீக்கிக் கிடங்குக்கு வெளியே போட்டுவிட வேண்டும். எத்தனை நாற்காலிகளை அப்படி வெளியே போட்டிருக்கிறேன்! வெளியே என்றால் எங்கே? மாடம்பாக்கத்தில் முனுசாமி வீட்டைச் சுற்றி ஆறு நாய்கள். ஸ்டெல்லா இருந்தது பெண்கள் ஹாஸ்டலில். என் மனைவிக்கோ பூனை நடந்த அறையில் நுழைந்தாலே மூச்சு இழுக்கும்.

அன்று சாயங்காலமே, ஏப்ரல் 12 என்று தேதியிட்டு, மேலிடத்துக்குக் கடிதம் எழுதினேன். பொருள்: பூனையின் காலை அகற்ற அனுமதி கோருதல்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேனே. நான் அனுமதிக்காக எழுதவில்லை. எடுங்கள் என்று சொல்ல மனசு வரவில்லை. வேண்டாம் என்று சொல்லத் தைரியம் இல்லை. கட்டைச் சரித்த உத்தரவு என்னுடையது. காலையும் நானேதான் எடுக்க வேண்டுமா? வேறு யாராவது கையெழுத்துப் போடட்டுமே! விதிகளை இத்தனை பேர் இவ்வளவு பக்தியோடு மனப்பாடம் செய்வது எதற்காக என்று நினைக்கிறீர்கள்?

காத்திருந்தோம். ஸ்டெல்லா ஒரு பழைய ஸ்வெட்டரைப் பிரித்து, அந்தக் காலுக்குக் கம்பளி உறை பின்னிக்கொண்டு வந்தாள். ஒன்று நனைந்தால் இன்னொன்று என்று மொத்தம் நான்கு. முனுசாமி தினமும் தேங்காய் எண்ணெய் தடவி, தோளிலிருந்து விரல்வரை நீவிவிடுவார். சரியாகப் பத்தேகாலுக்கு விரலைக் கிள்ளிப் பார்ப்பார். வருகைப் பதிவேட்டை மூடிவிட்டு நான் அவர் முகத்தைப் பார்ப்பேன்.

“இல்ல சார்.”

மறுநாளும், “இல்ல சார்.”

அப்புறம் வார்த்தையும் நின்றுபோனது. தலையை மட்டும் ஆட்டுவார்.

ஐந்தாவது வாரம் ஸ்டெல்லா என் மேஜைக்கு வந்து நின்றாள். குரலைத் தாழ்த்தி, “சார், முனுசாமி அண்ணன் மறைக்கிறாரு. உறையைக் கழட்டிப் பாருங்க” என்றாள்.

கழற்றினேன். புறங்காலில் எட்டணா அகலத்துக்குத் தோல் உரிந்து, ஓரமெல்லாம் சிவந்திருந்தது.

“எத்தனை நாளா?”

“நேத்துதான் சார் பாத்தேன்... சொன்னா வெட்டிடுவீங்க.” முனுசாமி சுவரைப் பார்த்துச் சொன்னார். “நான் இஸ்த்த கட்டுதானே சார் அது?”

“இழுக்கச் சொன்னது நான்” என்றேன்.

மறுநாள் காலை மறுபடியும் அதே அட்டைப்பெட்டி. டாக்டர் புண்ணைப் பார்த்துவிட்டு ஒரு ஃபாரத்தை என் பக்கம் நகர்த்தினார். ஓரம் பழுப்பேறிய ஃபாரம். பார்த்தவுடனே தெரிந்தது, எங்கள் கிடங்கிலிருந்து போனது. பழைய இருப்பு.

‘உரிமையாளர்’ என்ற இடத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

“சார், பர்மிஷன் இன்னும் வரலையே” என்றாள் ஸ்டெல்லா.

“தெரியும்மா.”

விதி தெரிந்தே, அதுவும் கையெழுத்துப் போட்டு, நான் அதை மீறியது என் சர்வீஸில் அந்த ஒரு தடவைதான். பேனாவை உடனே மூட முடியவில்லை. சஸ்பென்ஷனுக்குப் பயந்து இல்லை. மேஜைமேல் குயர் தன்னுடைய நல்ல காலை என் சட்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்தது.

டாக்டர் ஊசியில் மயக்க மருந்தை நிரப்பி வைத்துவிட்டுக் கடைசியாக ஒரு தடவை இடுக்கியை எடுத்தார். பழக்கமாக இருக்கும். ஓரத்து விரலை அழுத்திக் கிள்ளினார்.

குயர் திரும்பி அவர் கட்டைவிரலைக் கடித்தது.

டாக்டர் தன் விரலில் துளிர்த்த ரத்தத்தைப் பார்த்தார். மறுபடியும் கிள்ளினார். அது மறுபடியும் சீறிக்கொண்டு பாய்ந்தது.

“கட்ச்சிது சார்!” முனுசாமி கூவியதில் வெளியே கட்டியிருந்த எருமை மிரண்டது. “நல்லா கட்ச்சிது! டாக்டரு, இன்னொரு வாட்டி கிள்ளு நைனா!”

“போதும்யா, எனக்கு வலிக்குது” என்று டாக்டர் சிரித்தார். “நரம்புக்கு உயிர் வந்துடுச்சு. எடுக்க வேண்டாம். புண்ணுக்கு மருந்து போட்டுக்கலாம், ஆறிடும். ஆமா, இந்த ஃபாரத்தை என்ன பண்றது?”

“குறுக்கே கோடு போட்டு, ரத்துன்னு எழுதி, ரெண்டு பேரும் சுருக்கொப்பம் வைக்கணும்” என்றேன். வைத்தோம்.

வாசலில் பெஞ்சில் உட்கார்ந்தேன். பூனைக்குக் கால் வந்துவிட்டது. எனக்குத்தான் எழுந்திருக்கக் கால் வரவில்லை. ஸ்டெல்லா டீ வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். அவ்வளவு மட்டமான டீயை நான் அவ்வளவு ருசித்துக் குடித்ததே இல்லை.

ஜூன் மாதம் குயர் அந்தக் காலைத் தரையில் ஊன்றியது. ஜூலையில் ஏணி ஏறியது. கொஞ்சம் விந்தி நடந்தது. ஆனால் யாரையும் நிற்கச் சொல்லிக் கேட்கும் நிலையில் இல்லை.

ஒருவழியாக மேலிடத்திலிருந்தும் கவர் வந்தது. பிரித்தேன். ‘அகற்ற வேண்டிய கால் எது என்று தங்கள் கடிதத்தில் குறிப்பிடப்படவில்லை. முன்காலா பின்காலா, இடதா வலதா எனத் தெரிவித்தால் பரிசீலிக்கப்படும்.’

எனக்குச் சுருக்கென்றது. நானா? விவரம் விட்டுக் கடிதம் எழுதினேனா? ஃபைலைப் புரட்டினேன். நான் கையால் எழுதிக் கொடுத்த வரைவில் ‘இடது முன்கால்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. டைப் அடித்த பிரதியில் வெறும் ‘கால்’. கீழே என் ஒப்பம். படித்துப் பார்க்காமல் போட்ட ஒப்பம்.

“ஏம்மா ஸ்டெல்லா, இது என்ன?”

அவள் டைப் அடிப்பதை நிறுத்தவில்லை. “எந்தக் கால்னு போட்டிருந்தா பத்து நாள்ல சரின்னு எழுதிடுவாங்க சார். போடலைன்னா கேள்வி வரும். கேள்வி வர நாலு மாசம் ஆகும். நீங்க சொல்லிக் கொடுத்ததுதானே?”

“புண்ணு முத்திப்போயிருந்தா?”

“அன்னைக்கு உங்ககிட்ட வந்து சொன்னது யாரு சார்?”

விளக்கம் கேட்டு மெமோ கொடுக்க வேண்டிய குற்றம். எந்தப் பிரிவின் கீழ் என்றுகூட எனக்குத் தெரியும். வாயைத் திறப்பதற்குள் கடைசி ரேக்குக்குப் பின்னால் தடதடவென்று சத்தம்.

“சார்! சீக்கிரம் வந்து பாரு சார்!” முனுசாமியின் குரல்.

போனோம். குயர் ஒரு பெருத்த எலியைத் தரையோடு தரையாக அமுக்கிப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் தரமாட்டேன் என்று உறுமியது. எந்தக் காலால் அமுக்குகிறது என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் குனிந்து பார்த்தோம். இடது முன்கால்.

பிறகு நான் என் நாற்காலிக்குத் திரும்பி, மெமோவை மறந்துவிட்டு, மேலிடத்துப் பதிலை எடுத்து, அதன் தலையில் முத்திரையைக் குத்தினேன்: ‘பெறப்பட்டது – ஆகஸ்டு 14.’