மிச்சப் பால் வாளி

ஆரையம்பதிப் பக்கம், வாவிக்கரையை ஒட்டிய ஓர் ஆரம்பப் பாடசாலையில் சில வருடங்கள் மூன்றாம் வகுப்புக்குப் படிப்பித்தேன். இப்போது கிரான் பக்கம் மாற்றலாகி வந்துவிட்டேன். ஆனாலும் காலையில் முதல் பாடம் முடிந்து மணி அடித்தால், நினைவு அந்தப் பாடசாலையின் தண்ணீர்க் குழாயடிக்கு, அந்தப் பைப்படிக்குத்தான் போகிறது.

அங்கே அந்த நேரத்தில்தான் பிள்ளைகளுக்குப் பால் பக்கற் கொடுப்போம். பாதிப் பேர் முழுவதும் குடிக்கமாட்டார்கள். மிச்சத்தோடு குப்பைக் குழிக்குள் எறிந்த பக்கற்றுகளைக் காகம் இழுத்துக் கிழிக்கும், எறும்பு மொய்க்கும், புளித்த நாற்றம் வகுப்புக்குள் வந்துவிடும். ஒரு நாள் அதிபர் இதை ஒழுங்குபடுத்தும் பொறுப்பை என்னிடம் தந்தார்.

பைப்படியில் இரண்டு வாளி வைத்தேன். ஒன்று மிச்சப் பாலுக்கு, மற்றது கழுவுவதற்கு. நான் வெறும் பக்கற்றின் மூலையைக் கத்தரித்துக் கொடுக்க, பிள்ளைகள் அலசி, மிதித்துத் தட்டையாக்கி, வேலிக் கயிற்றில் கிளிப் போட்டுக் காயவைப்பார்கள். மீள்சுழற்சிக்குக் கொண்டுபோக வெள்ளிக்கிழமைகளில் பிரதேச சபை ட்ராக்டர் வரும். கச்சான் காற்றுப் பலமாக வீசும் காலத்தில் காய்ந்த பக்கற்றுகள் பறந்து வாவியில் விழும். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கிப் பொறுக்குவேன். பிள்ளைகள் கரையில் நின்று விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

பக்கற் விடயம் ஒழுங்காகிவிட்டது. மிச்சப் பால் வாளி நிறைவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. குடித்து முடிக்காமல் யாரும் எழும்பக்கூடாது என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நாளில் எங்கள் வகுப்பில் மிச்சமே இல்லை. காலைக் கூட்டத்தில் அதிபர் பாராட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

கடைசி வாங்கில் ஒரு பிள்ளை இருந்தாள். வாய் திறந்து பேசமாட்டாள். ஒரு நாள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும்போது குடித்த பாலைக் கொப்பியின் மேலேயே சத்தியெடுத்துவிட்டாள். பாடசாலையைக் கூட்டித் துடைக்கும் அக்கா ஓடி வந்து, தன் முந்தானையால் முதலில் பிள்ளையின் வாயைத் துடைத்தா. பிறகு என்னை வெளியே கூப்பிட்டுத் தணிந்த குரலில் சொன்னா.

"டீச்சர், இந்தப் பிள்ளைக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. ஒவ்வொரு நாளும் பைப்படிக்குப் பின்னால வந்து சத்தியெடுத்துப்போட்டுத்தான் போறது. உங்களுக்குத் தெரியுமெண்டு நினைச்சன்."

திரும்ப வகுப்புக்குள் போனேன். பிள்ளையின் பக்கத்தில் போய் இருந்தேன்.

"ஏன் மகள் என்னட்டச் சொல்லல்ல?"

"வகுப்புக்குப் பேர் கெட்டுப்போகும் டீச்சர்."

பின்னேரம் அவளுடைய வீட்டுக்குப் போய்த் தாயிடம் நடந்ததைச் சொன்னேன். அவ என்னை ஏசவில்லை. பால் ஒத்துக்கொள்ளாதென்று முதலாம் வகுப்பு டீச்சருக்குச் சொன்னதாகவும், என்னிடம் சொல்லப் பயமாக இருந்ததாகவும் சொன்னா. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அடுத்த நாள் நான் செய்தது பிழை என்று வகுப்பிலேயே சொன்னேன். வேண்டாதவர்கள் பக்கற்றை உடைக்காமல் தரலாம், விருப்பமானவர்கள் இன்னொன்று எடுக்கலாம் என்றேன். வாளியில் சேர்ந்த பாலை அக்கா தன் வீட்டு நாய்க்குட்டிகளுக்குக் கொண்டுபோனா.

சில நாள் கழித்து, கழுவும் இடத்தில் நிற்கட்டுமா என்று அந்தப் பிள்ளை தானாக வந்து கேட்டாள். நிற்கச் சொன்னேன். தன்னை விடப் பெரிய பையன்களைக்கூட விடமாட்டாள். "மூலைக்குள்ள பால் இருக்கு, திரும்பக் கழுவு" என்று அதட்டுவாள். அவளுக்கு இவ்வளவு பெரிய குரல் இருக்கிறதென்று அதுவரை எனக்குத் தெரியாது. அதைக் கேட்டுக்கொண்டு நிற்பதற்காகவே சில நாள் பக்கற்றுகளை மெதுவாகக் கத்தரித்தேன்.