லொறிக்காக வாங்கிய கிராபிக்ஸ் கார்ட்

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மறதியும் கூடிவிட்டது. முன்னுக்குப் பின் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

போன மழைக்காலத்தில், பதுளை டவுனில் ஒரு கொம்பியூட்டர் கடையில் நடந்தது இது. எங்கள் வீடு லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றாக இருக்கிறது. என் வீட்டுக்காரர் அந்தத் தோட்டத்தில் லொறி டிரைவராக இருந்தவர். தேயிலைத்தூள் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கொழும்புவரை போய்வந்த மனுஷன். சர்க்கரை வியாதியில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பேச்சே குறைந்துபோனது. சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். கீழே ரோட்டில் லொறிச் சத்தம் கேட்டால் மட்டும் தலையைத் தூக்குவார்.

கட்டாரில் வேலை செய்யும் மகன் லீவில் வந்தபோது, தன்னுடைய பழைய கொம்பியூட்டரில் லொறி ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். நிஜம் மாதிரியே இருக்கும். சாமான் ஏற்ற வேண்டும், டீசல் அடிக்க வேண்டும், சிக்னலில் நிற்க வேண்டும். கால் தேவையில்லை, விரல் போதும். எழுந்து உட்காரவே மாட்டேன் என்றவர், விடிந்ததும் முகம் கழுவிக்கொண்டு, "இந்தா புள்ள, டீய கொண்டா, லோட் காத்துக்கிட்டு இருக்கு" என்று சொல்ல ஆரம்பித்தார். எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அந்த விளையாட்டில் ஒரு பாலம் வரும். அங்கே மழை பிடித்தால் படம் அப்படியே நின்றுவிடும். திரும்ப ஓட ஆரம்பிக்கும்போது லொறி ஆற்றுக்குள் கிடக்கும். திரும்பத் திரும்ப இப்படியே நடந்தது. ஒரு நாள், "என் சர்வீஸ்ல ஒரு தடவகூட வண்டிய பள்ளத்துல விட்டதில்ல. இது என்னைய குடிகாரன் மாதிரி ஆக்குது. மூடி வை" என்றார். மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

மகனிடம் போனில் சொன்னேன். "அதுல கிராபிக்ஸ் கார்ட் இல்லம்மா, அதான். அடுத்த லீவுக்கு வந்து போட்டுத் தரேன்" என்றான். அவனுடைய அடுத்த லீவுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் கிடக்கிறது. அதுவரைக்கும் இவர் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆவார் என்று எனக்குப் பயம்.

எனக்குக் கூச்ச சுபாவம். எங்கள் தோட்டத்துக் கடையிலேயே எல்லாரும் போகட்டும் என்று ஓரமாக நின்றுதான் சீனி கேட்பேன். அப்படிப்பட்டவள் பதுளைக்குக் கிளம்பிவிட்டேன். லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்கும் படிக்கட்டு மழையில் வழுக்கும், இரண்டு கையும் வேண்டும். அதனால் கொம்பியூட்டர் பெட்டியைப் பழைய சேலையில் சுற்றி, தேயிலை பறிக்கும் கொழுந்துக் கூடையில் வைத்து, கயிற்றைத் தலையில் போட்டுக்கொண்டேன்.

"கொம்பியூட்டர கூடையில போட்டுட்டுப் போறவ ஒலகத்துலயே நீ ஒருத்தியாத்தான் இருப்ப. பஸ்சு குலுக்குற குலுக்குல தூளாகிரும், பாரு" என்று படுத்தபடியே சத்தம் போட்டார்.

பஸ்ஸில் கண்டக்டர், "என்ன ஆச்சி, கொழுந்து நிறுக்க பதுளைக்கே போறீங்களா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். வழியில் உள்ள பசறை டவுன் தாண்டும்வரை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆனால் கூடையை மடியிலிருந்து இறக்கவும் இல்லை.

கடைக்காரர் ஒரு முஸ்லிம் மனுஷன். அண்ணன் என்கிற மாதிரி, நானா என்றுதான் கூப்பிட்டேன். கூடையிலிருந்து பெட்டியை எடுத்ததும் கூடையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "வாங்கோ வாங்கோ, உக்காருங்கோ. என்ன கேம் வெளயாடணும்?" என்றார். லொறி, பாலம், மழை, ஆறு எல்லாவற்றையும் சொன்னேன். கையில் இருப்பது இவ்வளவுதான் என்றும் சொன்னேன்.

அவர் இரண்டு கார்டை எடுத்து வைத்தார். ஒன்று பெரிது, இரண்டு காற்றாடி வைத்தது, யாரோ பாவித்து விற்றது. மற்றது புதுசு. ஆனால் சின்னது, ஒரே ஒரு காற்றாடி. விலை இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். எனக்குப் பெரிசின் மேல்தான் கண் போனது.

"இது புலி. போட்டுப் பாப்பமா?" என்று பெரிசை மாட்டி, விளையாட்டைத் திறந்தார். "அந்தப் பாலம் எங்க ஈக்குதுன்னு எனக்குத் தெரியாது. நீங்களே ஓட்டுங்கோ."

பக்கத்தில் பார்த்துப் பார்த்து வழி தெரியும், ஓட்டியது கிடையாது. வீட்டுக்குப் போன் போட்டு, சத்தமாகக் கேட்கும்படி மேசையில் வைத்தேன்.

"ஏங்க, நான் ஓட்டப்போறேங்க."

"நீயா?" என்றார். பிறகு குரல் மாறியது. "மொதல்ல ஹேண்ட் பிரேக்க எடு. மெதுவா. அவசரப்படாத."

லொறி நகர்ந்தது. ஐயோ, எவ்வளவு அழகு! ரோட்டில் தேங்கிய தண்ணீரில் வானம் தெரிகிறது என்று போனில் அவரிடமும் சொன்னேன். இலை இலையாக மரம் தெரிந்தது. நானா மழையைக் கூட்டி வைத்தார். பாலத்தில் ஏறினேன். படம் நிற்கவில்லை! கத்தப்போன அந்த நொடியில் எல்லாமே டப்பென்று அணைந்து, கொம்பியூட்டரே செத்துப்போனது.

"என்னா, எஞ்சின் நின்னுருச்சா?" என்று போனில் கத்தினார்.

நானா திரும்பப் போட்டார். பாலத்துக்குப் போவதற்கு முன்னாலேயே மறுபடியும் அணைந்தது. பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இந்தப் பெட்டிக்குக் கரண்ட் குடுக்குற பவர் சப்ளை சின்னது. இவ்வளவு பெரிய கார்ட்டுக்குக் காணாது. அதையும் மாத்தினா உங்கட காசுக்கு வராதும்மா. இத வேணாம்னு செல்றேன்."

மனசு விட்டுப்போனது. அவர் சின்னதை மாட்டினார். அதற்குத் தனியாகக் கரண்ட் வயர்கூட வேண்டாமாம். மறுபடியும் ஓட்டினேன். அணையவில்லை. ஆனால் பாலத்தில் ஏறியதும் படம் விக்கி விக்கி நகர்ந்தது.

"கொஞ்சம் அழகக் கொறச்சா ஓடும். எல்லாரும் முதல்ல சைட் கண்ணாடியத்தான் நிப்பாட்டுவாங்க. பின்னால உள்ள ரோட்ட தனியா காட்டணுமே, அதுதான் கூட இழுக்குது" என்று நானா சொல்லி வாய் மூடவில்லை.

"ஏய், யாருப்பா அது?" போனே அதிர்ந்தது. "கண்ணாடி இல்லாம லொறி ஓட்டச் சொல்றீங்களா? பின்னால என்னா வருதுன்னு எப்புடிப் பாக்குறது? லைசன்ஸ் இருக்கா ஒங்களுக்கு?"

கடைக்கு வந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். போன் திருத்த வந்து நின்ற, ஆட்டோ ஓட்டும் திரீவீல்காரர் ஒருவர், "சரியாத்தானே கேக்குறாரு!" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

நானாவுக்கும் சிரிப்பு. "அப்ப எதக் கொறைக்கிற ஐயா? நீங்களே செல்லுங்கோ."

"மரத்தக் கொற. நெழலக் கொற. தண்ணில வானம் தெரியலன்னா குடியா முழுகிப்போகும்? கண்ணாடில மட்டும் கைய வைக்காதீங்க."

அவர் சொல்லச் சொல்ல நானா ஒவ்வொன்றாகக் குறைத்தார். மரமெல்லாம் இலை தெரியாமல், கோவா, அதுதான் முட்டைக்கோஸ், மாதிரி ஆனது. ரோட்டில் மினுக்கம் போனது. கண்ணாடி இரண்டும் அப்படியே பளிச்சென்று இருந்தன.

"இப்ப எடு வண்டிய. பாலத்துல பிரேக் போடாத. கியர எறக்கு."

போனேன். நல்ல மழை. பாலத்தில் ஏறினேன். விக்கவில்லை, நிற்கவில்லை. ஆறு பக்கத்தில் ஓடிக்கொண்டே வந்தது. பாலத்தின் அந்தக் கரைக்கு வந்துவிட்டேன்!

"தாண்டிட்டேங்க!" என்று அத்தனை பேருக்கு முன்னால் நான் கத்திவிட்டேன். கத்திய சந்தோஷத்தில் நேராகக் கொண்டுபோய் லைட் கம்பத்தில் மோதினேன்.

"அம்மா, உங்க வண்டியில பசறைக்குக்கூட ஏற மாட்டேன்" என்றார் திரீவீல்காரர். கடையே சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள்ளே போனிலிருந்தும் ஒரு சிரிப்புக் கேட்டது. இருமி இருமிச் சிரித்தார். கால் போன பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வெட்கத்தில் வேர்த்தது என்று நானா நினைத்திருப்பார்.

அந்தச் சின்னக் கார்டைத்தான் வாங்கினேன். இப்போது தினமும் லோட் போகிறது. நான் பக்கத்தில் உட்கார்ந்து கொழும்புக்குப் போகிற மாதிரி வெளியே பார்த்துக்கொண்டு வருவேன். மரங்கள் கோவா மாதிரித்தான் இருக்கின்றன. அவர் ஒரு தடவைகூடக் குறை சொன்னதில்லை.

எங்களைப் போன்றவர்களுக்கு எல்லாவற்றையும் முழுசாக வைத்துக்கொள்ளக் கொடுப்பினை கிடையாது. ஆனால் எதைக் குறைக்கலாம், எதில் கை வைக்கவே கூடாது என்று அவருக்கு இன்னும் தெரிகிறது என்பதை அன்றைக்குக் கேட்ட பிறகு, அவரைப் பற்றிய பயம் எனக்குப் போய்விட்டது.

அந்தக் கார்டின் பெட்டியில் இரண்டு ஜிபி என்று இருந்ததா, நாலு என்று இருந்ததா என்பது எனக்குச் சரியாக ஞாபகமில்லை. கரண்ட் விஷயத்தையும் நானா சொன்னதை வைத்துத்தான் எழுதியிருக்கிறேன். இதை நம்பி யாராவது கடைக்குப் போவதற்கு முன்னால், விவரம் தெரிந்த ஒருவர் தயவுசெய்து சரிபார்த்துச் சொல்லுங்கள்.