டிஸ்கஷன் ரூமுக்கு மூன்று பேர்

இது நடந்தது. எனக்கே நடந்தது. வாட்சாப்பில் வந்ததை உங்கள் பக்கம் தள்ளிவிடுகிறேன் என்று நினைக்காதீர்கள். நம்பாதவர்கள் மலேசியாவில் எங்கள் கிள்ளானுக்கு வாருங்கள், அந்தக் கட்டடத்தைக் காட்டுகிறேன். ஆனால் நான் கீழேயே நின்றுகொள்வேன். மாடிக்கு நீங்கள் மட்டும் போய் வாருங்கள்.

கல்லூரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சின்னக் கல்லூரி. கடை வரிசையில் நான்கு மாடி, கீழே டயர் கடை, அதற்கு மேலே நாங்கள். மூன்றாவது மாடியில் நூலகம். பெரிதாக எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். எங்கள் வீட்டு ஹாலைப் போல நான்கு மடங்கு இருக்கும், அவ்வளவுதான். புத்தக அலமாரிகளுக்குப் பின்னால் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு டிஸ்கஷன் ரூம். உள்ளே ஒரு மேசை, நாற்காலிகள், ஒரு வெள்ளைப் பலகை. கதவில் மலாயில் ஓர் அட்டை ஒட்டியிருக்கும். குறைந்தது மூன்று பேர் வந்தால்தான் அறை கிடைக்கும் என்று அதில் எழுதியிருக்கும்.

என் பெயர் ஷாமினி. கணக்குக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். ஸ்டாடிஸ்டிக்ஸ் பேப்பரில் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தேன். மூன்றாவது முறையும் விட்டால் டிப்ளோமா கிடையாது, மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்று துறைத் தலைவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அம்மா கையுறைத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்த்து என்னைப் படிக்க வைக்கிறார். அவரிடம் போய் "முடிஞ்சு போச்சும்மா" என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த பேப்பரில் நான் எப்படியாவது பாஸாக வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

பரீட்சைக்கு முதல் நாள் மாலை. மற்ற பாடங்களை ஒரு வழியாக உருப்போட்டுவிட்டேன். ப்ராபபிலிட்டி மட்டும் மண்டையில் ஏறவே இல்லை. சொல்லித் தர உஸ்மா வந்தாள். என் வகுப்புத் தோழி. அவள் அப்பாவுக்குத் துணிக்கடை. அவள் முதல் தடவையிலேயே பாஸானவள். எதிரில் இருப்பவருக்கு ஒன்று புரியவில்லை என்றால் அவளுக்குத் தூக்கம் வராது. புரிகிறவரை விடவும் மாட்டாள். இப்படிப்பட்டவர்களை வைத்துத்தான் என்னைப் போன்றவர்கள் பிழைக்கிறோம்.

வெளியே நல்ல மழை. நூலகத்துக்குள் வாயைத் திறந்தால் குமுதா அக்கா பென்சிலால் மேசையைத் தட்டுவார். அவர்தான் அங்கே எல்லாம். டிஸ்கஷன் ரூமை விட்டால் எங்களுக்கு வேறு வழியில்லை. ஆனால் நாங்கள் இருந்தது இரண்டு பேர்.

"எத்தன பேரு?" என்றார் அக்கா, கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே.

"மூணு பேருக்கா," என்றேன்.

"பேர் சொல்லு."

என் பெயரைச் சொன்னேன். உஸ்மாவின் பெயரைச் சொன்னேன். மூன்றாவது பெயருக்கு நான் யோசிக்கவே இல்லை. தானாக வாயில் வந்தது.

"பவுனம்மாள்."

உஸ்மா என் காலை மிதித்தாள். எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்தக் காலத்தில் எந்தக் கல்லூரிப் பெண்ணுக்கு அந்தப் பெயர்? எங்கள் சொந்தத்தில்கூட அப்படி ஒருவர் கிடையாது. அக்காவும் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. தட்டிக்கொண்டிருந்த விரல்கள் அப்படியே நின்றன.

"எங்க அவ?"

"டாய்லெட் போயிருக்கா. வந்துருவா."

அக்கா எங்கள் இருவரையும் பார்த்தார். மழையைப் பார்த்தார். பிறகு சாவியை என் பக்கம் தள்ளினார். "ஏழரைக்கு மூடிருவேன்," என்றார்.

உள்ளே போனதும் உஸ்மா பலகையில் ஆரம்பித்துவிட்டாள். நாணயத்தைச் சுண்டினால் பூவா தலையா என்பதில் தொடங்கி, சிவப்புப் பந்து, நீலப் பந்து என்று வளர்ந்தது. பாதிக் கணக்கில் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்.

"ரெண்டு பேருக்கும் புரிஞ்சுதா?"

"யாரு ரெண்டு பேரு?"

"என்ன?"

"ரெண்டு பேருக்கும்னு கேட்டியே."

"நான் எங்க கேட்டேன்? ஒழுங்கா பலகைய பாரு லா."

விட்டுவிட்டேன். காதில் தப்பாக விழுந்திருக்கும்.

மணி 6.10. உஸ்மா கீழே போய் ஐஸ் தே வாங்கி வந்தாள், குளிர்ந்த தேநீரைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுப்பார்களே, அது. மேசையில் வைத்தாள். மூன்று பை.

"மூணு எதுக்கு?"

அவளும் அப்போதுதான் பார்த்தாள். "தெரியல… கடைக்காரரு எத்தனன்னு கேட்டாரு. மூணுன்னுட்டேன்."

இருவரும் சிரித்தோம். என் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. உஸ்மா ஒன்றை என்னிடம் கொடுத்தாள். ஒன்றை அவள் எடுத்துக்கொண்டாள். மூன்றாவதை எதிரே இருந்த காலி நாற்காலியின் முன்னால் வைத்தாள். அதை ஏன் அங்கே வைத்தாய் என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

பிறகுதான் என் பையைக் கவனித்தேன். உள்ளே வந்ததும் அதை அந்த நாற்காலியில்தான் போட்டேன். நன்றாக நினைவிருக்கிறது. இப்போது அது என் மடியில் இருந்தது. பஸ்ஸில் யாராவது உட்கார வந்தால் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வோமே, அந்த மாதிரி. நான்தான் எடுத்திருக்க வேண்டும்.

எப்போது எடுத்தேன்? யாருக்காக எடுத்தேன்?

எழுந்து ஓடிவிடலாம் என்று தோன்றியது. ஆனால் இன்னும் ஒரு வகைக் கணக்கு பாக்கி. பேய் இருக்கிறதா இல்லையா, எனக்குத் தெரியாது. இந்தக் கணக்கு வராவிட்டால் ஃபெயில், அது நிச்சயம். அம்மாவின் முகம் ஞாபகம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

6.50.

சரக்…

பக்கம் புரளும் சத்தம். உஸ்மா பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். என் புத்தகம் மூடிக் கிடந்தது.

சரக்…

மேசைக்கு எதிர்ப்புறம்.

நான் தலையைத் தூக்கவில்லை. கணக்கை மட்டும் பார்த்தேன். மூன்று பந்து… திருப்பி வைக்காமல்… எழுதினேன். விடை வந்தது. சரியான விடை.

"ஷா! வந்துருச்சு உனக்கு!" உஸ்மா கை தட்டினாள். அந்தப் பயத்திலும் எனக்கு அழுகை வருகிற அளவுக்குச் சந்தோஷம்.

அவள் என்னை விட்டுத் திரும்பினாள். காலி நாற்காலியைப் பார்த்தாள். ஒருவர் பதில் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பது போலக் காத்திருந்தாள். தலையை ஆட்டினாள்.

"பரவால்ல. இன்னொரு தடவ சொல்றேன்."

"உஸ்மா…"

அவளுக்குக் கேட்கவில்லை.

தெருமுனைப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். மக்ரிப். உஸ்மா தொழுகையைத் தவறவிட்டு நான் பார்த்ததே இல்லை. பாங்கு முடிந்தது. அவள் அசையவில்லை. மார்க்கர் மட்டும் ஓடியது.

கீச்… கீச்…

அவள் கையைப் பிடித்தேன். ஜில்லென்று இருந்தது. இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் நின்றுவிட்டாள். கண்ணாடிக் கதவைத் தோளால் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

"விடு, உஸ்மா."

"ஒரு நிமிஷம்."

நின்றோம்.

என் கையை ஏதோ உரசியது…

உஸ்மா கதவை விட்டாள். டக்.

சாவியைக் கொடுத்தபோது குமுதா அக்கா மூன்றாவது ஆள் எங்கே என்று கேட்கவே இல்லை.

மறுநாள் பரீட்சை எழுதினேன். அந்த வகைக் கணக்கு இரண்டு வந்திருந்தது. இரண்டையும் போட்டேன். அதன் பிறகு விடுமுறை. நான் கல்லூரிப் பக்கமே போகவில்லை. உஸ்மாவுக்கு மெசேஜ் அனுப்பினால் "பிஸி லா" என்று ஒற்றை வரியில் பதில் வரும். வீட்டில் கல்யாண வேலை ஏதாவது இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்து ரிசல்ட் வந்தது. பாஸ். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அன்று மாலையே ஒரு பெட்டி லட்டு வாங்கிக்கொண்டு நூலகத்துக்கு ஓடினேன். குமுதா அக்கா லட்டை வாங்கினார். ஆனால் வாயில் போடவில்லை.

"அந்தப் பேர உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் இல்லக்கா. சும்மா வாயில வந்துச்சு."

"எல்லாரும் அதத்தான் சொல்றாங்க."

எனக்குப் புரியவில்லை. அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"மூணு பேரு நெசமாவே வந்தா ஒண்ணுமில்ல. அதுக்குத்தான் அந்த ரூல். ரெண்டு பேரா வந்து மூணுன்னு பொய் சொல்லுதுங்க பாரு, அதுங்க எல்லாமே இந்த ஒரு பேரத்தான் சொல்லுது. பிள்ளைங்க விளையாட்டுன்னுதான் நெனச்சேன். போன வருஷம் ஒரு சீனப் பிள்ள. ஈப்போலருந்து வந்து சேந்து ரெண்டே நாள். தமிழ் ஒரு வார்த்த தெரியாது. பவுனம்மாள்னு சுத்தமா சொல்லுச்சு, கடைசி 'ள்'ளோட."

"அப்படி யாராச்சும் இங்க படிச்சாங்களாக்கா?"

"தேடிப் பாத்துட்டேன். அப்படி ஒருத்தி இங்க சேரவே இல்ல."

"உஸ்மா வந்தாளாக்கா?"

அக்கா என்னை வினோதமாகப் பார்த்தார். "உள்ளதான் இருக்கா. மூணு வாரமா தினம் வர்றா. ஷாமினி பின்னாடியே வர்றான்னு சொல்லித்தான் சாவி வாங்குறா."

"நான் வரவே இல்லக்கா…"

"தெரியும். ஒரு நாள் சாவி குடுக்காம பாத்தேன். மூடுற வரைக்கும் அந்தக் கதவு முன்னாடியே நின்னுக்கிட்டு இருந்தா."

லட்டுப் பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உஸ்மா. முகம் வற்றியிருந்தது. பலகையில் இடமே இல்லாமல் கணக்கு. நாணயம். சிவப்புப் பந்து. நீலப் பந்து. திரும்பத் திரும்ப அதே கணக்கு.

கதவைத் திறந்தேன். உள்ளே கால் வைக்கவில்லை.

"உஸ்மா… நான் பாஸாயிட்டேன். வா, போவோம்."

என்னைப் பார்த்துச் சிரித்தாள். எப்போதும் சிரிக்கும் அதே அன்பான சிரிப்பு.

"தெரியும் லா. உனக்குத்தான் முடிஞ்சிருச்சே. நீ போ."

மார்க்கரால் எதிர் நாற்காலியைக் காட்டினாள்.

"இவளுக்கு இன்னும் புரியல."