பந்தை விட்ட கை

என் மனைவி அந்தப் பெரிய ரப்பர் பந்தின் மேல் உட்காரும்போது நான் பின்னால் நாற்காலி போட்டு, முழங்கால்களாலும் கைகளாலும் பந்தை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிசியோதெரபி பெண் எனக்குக் கொடுத்த வேலை அவ்வளவுதான். "அங்கிள், ஆன்ட்டி எழுந்து நின்ன பிறகுதான் கையை எடுக்கணும்" என்று சொல்லியிருந்தாள்.

முதுகெலும்பில் டிஸ்க் பிதுங்கி மழைக்காலம் முழுவதும் படுத்துக் கிடந்தவள் என் மனைவி. பயிற்சியில் தேறாவிட்டால் ஆபரேஷன் என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்லியிருந்தார். அவளுடைய அக்கா அதே ஆபரேஷனுக்குப் போய், பிறகு நடக்கவே இல்லை. அதனால் வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு இடுப்பை முன்னும் பின்னும் மெல்லச் சாய்ப்பாள். பிறகு ஒரு குதிகாலை மட்டும் தூக்குவாள்.

தை மாதம். சம்பாக் கதிர் முற்றிச் சாய்ந்திருந்தது. வானம் மூடிக்கொண்டிருந்தது. அறுவடை மெஷினுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். மெஷின்காரன் கூப்பிடும்போது போனை எடுக்காவிட்டால் வண்டி அடுத்தவர் வயலில் இறங்கிவிடும். அவள் குதிகாலைத் தூக்கிய நேரம் ஜன்னலில் இருந்த போன் அடித்தது.

"எடுக்காதீங்க, இருங்க. நான் இறங்கிக்கிறேன்" என்றாள்.

நான் எழுந்து எட்டி எடுத்தேன்.

"சார், வண்டி உங்க மதகுகிட்ட நிக்குது. இறக்கவா, தாண்டிப் போகவா?"

"இறக்கு, இறக்கு" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பந்து உருண்டு சுவரில் மோதியது. அவள் தரையில் கிடந்தாள்.

விஷயம் கேட்டு ஓடிவந்த பிசியோ பெண், எப்படி விழுந்தார்கள் என்று கேட்டாள். "நான் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன், அவளே சரிஞ்சுட்டா" என்றேன். ஓய்வு பெறும்வரை கல்லூரியில் பாடம் சொன்ன வாய் அது. என் மனைவி மின்விசிறியையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

பிசியோ பெண் போனில் சொல்லிவிட்டதால் அந்தப் பொய் எங்களுக்கு முன்பே டாக்டரிடம் போய்ச் சேர்ந்திருந்தது. அவர் அவள் பாதத்தை அமுக்கிப் பார்த்தார். வலியில் அவளால் திருப்பித் தள்ள முடியவில்லை.

"பிடிச்சிருந்தும் சரியறாங்கன்னா கால் நரம்பு வீக்காகுதுன்னு அர்த்தம். இனிமே தள்ளிப்போட வேண்டாம். ஆபரேஷன் பண்ணிடலாம்."

அவள் விரல்கள் முந்தானையை முறுக்கத் தொடங்கின. என்னைப் பார்த்தாள். அப்போதும் காட்டிக்கொடுக்கவில்லை. நான் சொல்லாவிட்டால் அவள் சொல்லப்போவதில்லை என்பது புரிந்தது.

"டாக்டர், அவ சரியலை. நான்தான் கையை எடுத்துட்டேன். மெஷின்காரன் போன் பண்ணான்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன சார்?"

மறுபடி படுக்கவைத்து, ஒவ்வொரு விரலாக, ஒவ்வொரு காலாகச் சோதித்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில், "விழுந்த அடியாத்தான் தெரியுது. வலி தணியட்டும், மறுபடி பாத்துட்டு முடிவு பண்ணலாம்" என்றார்.

ஆட்டோவில் வரும்போது அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"நெல்லு நனையாம வந்துச்சா?"

"வந்துச்சு."

"நல்லது."

வலி தணிந்தது. அடுத்த சோதனையில் நரம்புக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தது. பயிற்சியை மறுபடி தொடங்கிய அன்று வழக்கம்போல் நாற்காலியை இழுத்தேன். அவள் பிசியோ பெண்ணிடம் பந்தைச் சுவர் மூலையில் ஒட்டிவைக்கச் சொன்னாள்.

"நீங்க அந்தப் பக்கம் உக்காருங்க. சுவத்துக்கு போன் வராது."

பிசியோ பெண் சிரித்துவிட்டாள். என் மனைவி சிரிக்கவில்லை.

இப்போது நான் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். அவள் குதிகாலைத் தூக்கும்போதெல்லாம் என் முழங்கால்கள் தாமாகவே இறுகிக்கொள்கின்றன.